புஸ்காஸ்: அழகிய கோலுக்குப் பெயர் தந்தவர்

2017-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் நடைபெற்ற ஃபிஃபா விருதளிப்பு விழாவில் மலேசியர் ஒருவர் மேடையேறினார். பினாங்குக் குழுவின் ஆட்டக்காரர் முகமட் ஃபைஸ் சுப்ரி, 2016 பிப்ரவரி 16-ஆம் நாள் பகாங் குழுவுக்கு எதிராக அடித்த கோல் அவ்வாண்டில் உலகின் மிக அழகிய கோலாகத் தேர்வு பெற்றிருந்தது. தொலைவிலிருந்து அவர் உதைத்த ஃப்ரீ கிக் ஒரு பக்கமாகப் பறந்து, நடுவானில் திசை மாறி, கோல் காவலர் சற்றும் எதிர்பாராத மூலையில் புகுந்தது. இவ்விருதை ஆசியர் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை.

அந்த விருதின் பெயர் புஸ்காஸ் விருது. அன்று முதல் நம் நாட்டு உணவகங்களிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் இப்பெயர் பரவலாக ஒலித்தது. ஆயினும் புஸ்காஸ் என்பவர் யார், ஒரு கோலுக்கு வழங்கப்படும் விருதுக்கு அவர் பெயரை ஏன் சூட்டினார்கள் என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. தாய்நாட்டு அரசால் ஓடிப்போனவர் என்று ஒதுக்கப்பட்டு, 25 ஆண்டுகள் சொந்த ஊரில் கால் பதிக்க முடியாமல் இருந்த ஒருவரின் பெயர் அது. அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலுக்கு ஒரு விருது

காற்பந்தில் சிறந்த ஆட்டக்காரருக்கு விருது வழங்கும் வழக்கம் பழையது. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது 1956-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஒரே ஒரு கோலுக்கு விருது தரும் எண்ணமோ, தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்த பிறகே வலுப்பெற்றது. திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தால்தானே ஒரு கோலை இன்னொரு கோலோடு ஒப்பிட முடியும்!

இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் தனது காற்பந்து நிகழ்ச்சியில் 1970-71 பருவம் முதல் ஆண்டின் சிறந்த கோலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. கோவன்ட்ரி குழுவின் எர்னி ஹன்ட், எவர்ட்டன் குழுவுக்கு எதிராக அடித்த கோல் முதல் பரிசைப் பெற்றது. சக ஆட்டக்காரர் ஒருவர் பந்தை இரு குதிகால்களுக்கும் இடையில் பிடித்து மேலே தூக்கிவிட, அது தரையைத் தொடுமுன் ஹன்ட் உதைத்தார். அவ்வாறு பந்தைத் தூக்கும் முறை பின்னர் தடை செய்யப்பட்டது. அதே 1971-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி மாதத்தின் சிறந்த கோலை நேயர்கள் தேர்ந்தெடுக்கும் போட்டியைத் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டில் ஃபிஃபா நடத்திய இணைய வாக்கெடுப்பில், 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோல் நூற்றாண்டின் சிறந்த கோலாகத் தேர்வு பெற்றது.

இவற்றின் தொடர்ச்சியாக 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபிஃபா அறிவித்ததே புஸ்காஸ் விருது. இதில் ஒரு வியப்பு உண்டு. காணொளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் விருதுக்குப் பெயர் தந்தவர், தம் கோல்களில் பெரும்பாலானவற்றைத் தொலைக்காட்சி பரவாத காலத்தில் அடித்தவர்.

கிஸ்பெஸ்ட் சிறுவன்

ஃபெரென்ஸ் புஸ்காஸ் 1927-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்தார். பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் புர்செல்ட். ஜெர்மானிய வழிவந்த அக்குடும்பம் 1937-ஆம் ஆண்டு வாக்கில் புஸ்காஸ் என்ற ஹங்கேரியப் பெயருக்கு மாறியது. தந்தை உள்ளூர்க் கிஸ்பெஸ்ட் குழுவில் ஆடிப் பின்னர் அதற்கே பயிற்றுநர் ஆனவர்.

கிஸ்பெஸ்ட் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதி. அங்குள்ள வெற்று நிலங்களில் துணிப்பந்தை உதைத்துத்தான் சிறுவர்கள் ஆட்டம் பழகினர். பக்கத்து வீட்டுப் பையன் யோசெஃப் போசிக் அவருடைய இணைபிரியாத் தோழன். உரிய வயது வருமுன்னரே குழுவில் சேர விரும்பிய புஸ்காஸ், மிக்லோஷ் கோவாச் என்னும் பொய்ப் பெயரில் சிறுவர் குழுவில் ஆடினார். வீட்டாரும் ஊராரும் அவரை அழைத்த செல்லப் பெயர் ஓச்சி. நம் மொழியில் சொல்வதானால், தம்பி. உலகப் புகழ் பெற்று முதுமை அடைந்த பின்னரும் ஹங்கேரியருக்கு அவர் தம்பியாகவே இருந்தார்.

1943-ஆம் ஆண்டில், 16 வயதில், கிஸ்பெஸ்ட் முதல்நிலைக் குழுவில் இடம்பிடித்தார். 1945 ஆகஸ்டில், போரில் இடிந்து கிடந்த புடாபெஸ்ட்டில், ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தேசியக் குழுவில் முதன்முதலாக ஆடி ஒரு கோலும் அடித்தார். அப்போது அவருக்கு வயது 18. 1947-48 பருவத்தில் உள்நாட்டு லீக்கில் மட்டும் 50 கோல்கள் அடித்தார்.

அவர் குள்ளமானவர், சற்றுப் பருத்தவர். தலையால் முட்டி ஆடுவதில் நாட்டமில்லாதவர். வலக்காலை ஊன்றி நிற்பதற்கும் இடக்காலை ஆடுவதற்கும் வைத்திருந்தார் என்றே சொல்லலாம். ஆனால் அந்த இடக்கால் ஒன்றே போதுமானதாக இருந்தது.

வெம்பிளி, 1953

போருக்குப் பின் ஹங்கேரியில் பொதுவுடைமை ஆட்சி அமைந்தது. 1949-ஆம் ஆண்டில் கிஸ்பெஸ்ட் குழுவைத் தற்காப்பு அமைச்சு தன்வசம் எடுத்துக்கொண்டது. குழுவின் பெயரும் ஹொன்வேட் என மாறியது. தாயகக் காவலன் என்பது அதன் பொருள். இராணுவக் குழு என்பதால், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை அதில் ஒருங்கே சேர்க்க முடிந்தது. கோச்சிஸ், சிபோர் ஆகியோர் புஸ்காஸுடனும் போசிக்குடனும் இணைந்தனர். ஆட்டக்காரர்களுக்கு இராணுவப் பதவிகள் வழங்கப்பட்டன. புஸ்காஸ் மேஜர் ஆனார்.

இவர்களையே அடித்தளமாகக் கொண்டு பயிற்றுநர் குஸ்தாவ் செபெஷ் தேசியக் குழுவை உருவாக்கினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2-0 என வென்று ஹங்கேரி தங்கம் பெற்றது. முதல் கோலை அடித்தவர் குழுத்தலைவர் புஸ்காஸ்.

1953 நவம்பர் 25-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ஆட்டமே அவரை உலகறியச் செய்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்தக் குழுவிடமும் இங்கிலாந்து தன் மண்ணில் அதுவரை தோற்றதில்லை. ஏறத்தாழ 105,000 பேர் கூடியிருந்த அரங்கில் ஹங்கேரி 6-3 என வென்றது. ஹிடெகுட்டி மூன்று கோல்களும் புஸ்காஸ் இரண்டு கோல்களும் போசிக் ஒரு கோலும் அடித்தனர்.

அவற்றுள் புஸ்காஸ் அடித்த முதல் கோல் இன்றும் பேசப்படுகிறது. கோல் கம்பத்துக்கு அருகே பந்து அவர் காலுக்கு வந்தது. இங்கிலாந்துக் குழுத்தலைவர் பில்லி ரைட் அதைப் பறிக்கத் தரையில் வழுக்கி வந்தார். புஸ்காஸ் இடக்காலின் அடிப்பாகத்தால் பந்தைப் பின்னோக்கி இழுத்தார். பந்து இருந்த இடத்தை ரைட் கடந்து போனார். அடுத்த நொடியில் பந்து வலைக்குள் இருந்தது. புஸ்காஸ் விருது அன்று இருந்திருந்தால் அந்த ஆண்டின் வெற்றியாளரைத் தேடவேண்டி இருந்திருக்காது. ஆறு மாதங்கள் கழித்துப் புடாபெஸ்ட்டில் மீண்டும் மோதியபோது இங்கிலாந்து 7-1 எனத் தோற்றது.

பெர்னில் கைநழுவிய கிண்ணம்

1950 மே மாதத்திற்குப் பின் அனைத்துலக ஆட்டம் எதிலும் தோற்காத குழுவாக 1954 உலகக் கிண்ணத்துக்குச் சென்றது ஹங்கேரி. முதல் சுற்றில் தென்கொரியாவை 9-0 எனவும், மேற்கு ஜெர்மனியை 8-3 எனவும் வென்றது. ஆனால் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் புஸ்காஸின் கணுக்காலில் காயம் ஏற்பட்டது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் அவரால் ஆட முடியவில்லை.

ஜூலை 4-ஆம் நாள் பெர்ன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே மேற்கு ஜெர்மனியை ஹங்கேரி மீண்டும் சந்தித்தது. முழுமையாகக் குணமடையாத காலுடன் புஸ்காஸ் களமிறங்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் அவரே முதல் கோலை அடித்தார். எட்டாவது நிமிடத்தில் சிபோர் இரண்டாவதை அடித்தார். ஆனால் ஜெர்மனி பத்து நிமிடங்களுக்குள் இரண்டையும் ஈடுகட்டியது. ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள் இருக்கையில் ஹெல்முட் ரான் மூன்றாவது கோலை அடித்தார்.

அதன் பின்னரும் புஸ்காஸ் ஒருமுறை பந்தை வலைக்குள் செலுத்தினார். கோட்டு நடுவரின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைட் என்று அந்தக் கோல் மறுக்கப்பட்டது. அது சரியான தீர்ப்பா என்பது பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. நான்காண்டுகள் தோல்வியறியாத குழு, தோற்கக்கூடாத ஒரே ஆட்டத்தில் தோற்றது. புடாபெஸ்ட் வீதிகளில் மக்கள் திரண்டு ஆத்திரத்தைக் கொட்டினர். வெற்றிகளைத் தன் ஆட்சியின் சாதனையாகக் காட்டிவந்த அரசுக்கு, அந்தத் தோல்வி கசப்பாக முடிந்தது.

ஊர் திரும்பாத பயணம்

1956 அக்டோபர் 23-ஆம் நாள் ஹங்கேரியில் மக்கள் புரட்சி வெடித்தது. மாணவர்களின் ஊர்வலத்தில் தொடங்கிய அப்புரட்சியை நவம்பர் 4-ஆம் நாள் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்து நசுக்கின. மோதலில் புஸ்காஸ் கொல்லப்பட்டார் என்ற பொய்ச் செய்தியும் வெளிநாடுகளில் பரவியது.

ஹொன்வேட் குழு அப்போது ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக நாட்டை விட்டுப் புறப்பட்டிருந்தது. ஸ்பெயினின் பில்பாவோ குழுவுடனான முதல் ஆட்டம் அந்நகரிலேயே நடந்தது. இரண்டாவது ஆட்டத்தைப் புடாபெஸ்ட்டில் நடத்த முடியாமல் பிரசல்ஸ் நகரில் டிசம்பரில் நடத்தினர். ஹொன்வேட் போட்டியிலிருந்து வெளியேறியது. ஆனால் குழு உடனே ஊர் திரும்பவில்லை. ஹங்கேரியக் காற்பந்துச் சங்கமும் ஃபிஃபாவும் தடுத்ததையும் மீறிப் பிரேசிலுக்குச் சென்று ஆடியது.

பயணம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தமக்கான முடிவை எடுக்க வேண்டியதாயிற்று. புஸ்காஸ், கோச்சிஸ், சிபோர் மூவரும் திரும்புவதில்லை என முடிவு செய்தனர். புஸ்காஸின் மனைவியும் சிறு மகளும் ஹங்கேரியை விட்டு வெளியேறி அவரிடம் வந்து சேர்ந்தனர். போசிக் ஊர் திரும்பினார். ஒரே தெருவில் துணிப்பந்து உதைத்து வளர்ந்த இருவரின் வழிகளும் அங்கே பிரிந்தன. இருவருள் யார் செய்தது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

தாயகக் காவலன் என்ற பெயர் கொண்ட குழுவின் மேஜர், தாயகத்தை விட்டு ஓடிப்போனவராக அறிவிக்கப்பட்டார். எந்தக் குழுவுக்கும் ஆட முடியாதபடி தடையும் வந்தது. 1958 உலகக் கிண்ணத்தில் அவரும் கோச்சிஸும் சிபோரும் இல்லாத ஹங்கேரி முதல் சுற்றோடு வெளியேறியது.

மாட்ரிட்டில் மறுபிறவி

1958-ஆம் ஆண்டில் தடை நீங்கியபோது புஸ்காஸுக்கு வயது 31. ஓராண்டுக்கும் மேலாக ஆடாததால் உடல் எடை மிகவும் கூடியிருந்தது. ஓய்வுபெற வேண்டிய வயதில், மொழி தெரியாத நாட்டில், ஐரோப்பாவின் தலைசிறந்த குழுவான ரியால் மாட்ரிட் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹொன்வேட்டில் நிர்வாகியாக இருந்த எமில் ஓஸ்ட்ரைகர் அங்கே பணிபுரிந்ததும் இதற்குத் துணையானது.

பலரும் ஐயத்தோடு பார்த்தனர். அவர் கடுமையாக உழைத்து எடையைக் குறைத்தார். அடுத்த எட்டாண்டுகளில் 262 ஆட்டங்களில் 242 கோல்கள் அடித்தார். ஸ்பெயின் லீக்கில் அதிகக் கோல்கள் அடித்தவர் என்ற சிறப்பை நான்கு முறை பெற்றார். 1961 முதல் 1965 வரை தொடர்ந்து ஐந்து லீக் கிண்ணங்களை வென்ற குழுவில் இடம்பெற்றிருந்தார்.

1960 மே 18-ஆம் நாள் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் அவருடைய இரண்டாம் வாழ்வின் உச்சம். எதிரணி ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் குழு. அந்த ஆட்டம் நடைபெறுவதற்கே ஒரு தடங்கல் இருந்தது. 1954 இறுதியாட்டத்தில் ஜெர்மானியர்கள் ஊக்கமருந்து எடுத்திருந்தனர் என்று புஸ்காஸ் முன்பு குற்றம் சாட்டியிருந்தார். அதனால் அவர் இடம்பெறும் குழுவோடு ஜெர்மானியக் குழுக்கள் ஆடக்கூடாது என அந்நாட்டுச் சங்கம் தடை விதித்திருந்தது. புஸ்காஸ் எழுத்து வழி மன்னிப்புக் கேட்ட பின்னரே வழி பிறந்தது. 127,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ரியால் மாட்ரிட் 7-3 என வென்றது. டி ஸ்டெஃபானோ மூன்று கோல்களும் புஸ்காஸ் நான்கு கோல்களும் அடித்தனர்.

ஈராண்டுகள் கழித்து, பென்ஃபிகாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதல் பாதியிலேயே மூன்று கோல்கள் அடித்தும் அவர் குழு 5-3 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் தம் சட்டையைக் கழற்றி எதிரணியின் இளம் ஆட்டக்காரர் யூசேபியோவிடம் கொடுத்தார். தோல்வியிலும் அடுத்த தலைமுறையை அடையாளம் கண்டு பாராட்டும் பண்பு அவரிடம் இருந்தது. அதே 1962-இல் உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் நாட்டுக்காகவும் ஆடினார். 1966-இல், 39 வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மீண்டும் தாய்மண்

ஓய்வுக்குப் பின் அவர் நாடு நாடாகச் சென்று பயிற்றுநராகப் பணியாற்றினார். கிரேக்கத்தின் பானதினைகோஸ் குழுவை 1971-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். அந்த ஆட்டம் நடந்த இடமும் வெம்பிளிதான். அயாக்ஸ் குழுவிடம் 2-0 எனத் தோற்றாலும், கிரேக்கக் குழு ஒன்று அந்த இறுதியாட்டத்தை எட்டியது அதுவே முதல் முறை. சிலி, எகிப்து, சவுதி அரேபியா, பராகுவே எனத் தொடர்ந்த பயணம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை அடைந்தது. அங்கே கிரேக்க வம்சாவளியினரின் குழு ஒன்றுக்குப் பயிற்றுநராகி, 1991-ஆம் ஆண்டில் தேசிய லீக் கிண்ணத்தை வென்று தந்தார். அக்குழுவின் தலைவராக இருந்து, அவருடைய கிரேக்கப் பேச்சை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தவர் அஞ்ச் போஸ்டகோக்லு. பின்னாளில் ஆஸ்திரேலியத் தேசியக் குழுவின் பயிற்றுநரானவர் அவரே.

இதற்கிடையில், 1981-ஆம் ஆண்டில், 25 ஆண்டுகளுக்குப் பின் புஸ்காஸ் முதன்முறையாகப் புடாபெஸ்ட்டுக்கு வந்தார். முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான ஆட்டத்தில் அவர் களமிறங்கியபோது மக்கள் அவரை மறந்திருக்கவில்லை. ஆனால் போசிக் அங்கே இல்லை. அவர் 1978-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். கிஸ்பெஸ்ட்டில் உள்ள ஹொன்வேட் அரங்குக்குப் பின்னர் போசிக்கின் பெயர் சூட்டப்பட்டது.

பொதுவுடைமை ஆட்சி முடிந்த பின், 1990-களின் தொடக்கத்தில், புஸ்காஸ் நிரந்தரமாக ஊர் திரும்பினார். 1993-இல் தேசியக் குழுவுக்குச் சில ஆட்டங்களுக்கு மட்டும் பயிற்றுநராக இருந்தார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு அல்சைமர் எனும் மறதி நோய் இருப்பது கண்டறியப்பட்டது. நாடு அவர் பெயரை மீண்டும் உச்சரிக்கத் தொடங்கிய காலத்தில், அவர் நினைவுகள் ஒவ்வொன்றாக அவரை விட்டு விலகின. 2002-இல் தேசிய அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2006 நவம்பர் 17-ஆம் நாள் தம் 79-ஆம் வயதில் காலமானார். அரசு மரியாதையுடன் டிசம்பர் 9-ஆம் நாள் புடாபெஸ்ட்டின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். பழைய அரங்கு இருந்த இடத்தில் 2019-இல் திறக்கப்பட்ட புதிய அரங்கும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெயரும் விருதும்

ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் அவர் அடித்த 84 கோல்கள் நெடுங்காலம் ஐரோப்பியச் சாதனையாக விளங்கின. 2018-ஆம் ஆண்டில் அதை முறியடித்தவர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. 2009-இல் முதல் புஸ்காஸ் விருதைப் பெற்றவரும் அவரே.

ஆனால் இந்த விருது பெரிய பெயர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. 2014-இல் அயர்லாந்தின் உள்நாட்டு மகளிர் லீக்கில் ஆடிய ஸ்டெஃபனி ரோச் இரண்டாம் இடம் பெற்றார். 2015-இல் பிரேசிலின் சிறு குழு ஒன்றில் ஆடிய வென்டல் லிரா, மெஸ்ஸியைப் பின்தள்ளி வென்றார். 2019-இல் வென்றவர் டானியல் சோரி என்ற 18 வயது ஹங்கேரியர். 2022-இல், விபத்தில் ஒரு காலை இழந்து ஊன்றுகோல்களோடு ஆடும் போலந்து நாட்டவர் மார்சின் ஒலெக்சி வென்றார். 2024 முதல் மகளிர் கோல்களுக்கு மார்த்தா விருது என்ற தனி விருது வழங்கப்படுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இரசிகர்களின் வாக்குக்கு இடமிருப்பதால், கோலின் அழகைவிட அடித்தவரின் புகழே வென்றுவிட்டது என்ற முணுமுணுப்பு சில ஆண்டுகளில் எழுந்ததுண்டு. ஒரு கோலை மட்டும் பார்க்கும் விருது, அதை அடித்தவரின் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அதுவே அதன் சிறப்பும் ஆகும். அடித்தவர் எந்த நாட்டவர், எந்த லீக்கில் ஆடுபவர், சம்பளம் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. கிஸ்பெஸ்ட் வெற்று நிலத்தில் துணிப்பந்து உதைத்தவர்களும் ஒருவரையொருவர் இப்படித்தான் அளந்திருப்பார்கள்.

புஸ்காஸுக்கு மேஜர் பதவியைத் தந்தது ஓர் அரசு. ஓடிப்போனவர் என்று பட்டம் சூட்டியதும் அதே அரசுதான். இரண்டுமே இன்று நிலைக்கவில்லை. அந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. பில்லி ரைட்டைக் கடந்து பந்தைப் பின்னிழுத்த அந்த ஒரு நொடி நிலைத்துவிட்டது. பதவிகளும் பட்டங்களும் பிறர் கொடுப்பவை. ஆகவே பிறரால் பறிக்கவும் படுபவை. ஒருவர் தம் திறத்தால் செய்து காட்டியதை, கண்டவர்களின் மனத்திலிருந்து எவராலும் பறிக்க இயலாது. பட்டம் பெறக் காத்திருக்கும் மாணவர்களாகிய நமக்கு இது நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

பினாங்கு அரங்கில் ஃபைஸ் சுப்ரி உதைத்த பந்து வலையைத் தொட்ட கணத்தில், அவர் அறிந்தோ அறியாமலோ, கிஸ்பெஸ்ட் தம்பியின் வரிசையில் சேர்ந்துகொண்டார். இனி ஆண்டுதோறும் இவ்விருது அறிவிக்கப்படும்போது, வென்றவரின் பெயரோடு விருதின் பெயரையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.